கம்பியின்றி விரியும் காட்சி

நுழையும்முன்

ஒரு கருவியில் உள்ள காட்சியை மற்றொரு பெரிய திரைக்குக் கொண்டுசேர்க்க நெடுங்காலம் கம்பிவடமே வழியாக இருந்தது. இன்று அவ்வடம் மெல்ல விலகி வருகிறது. கண்ணுக்குத் தெரிந்த பொருள் ஒன்று விலகும்போது, அது செய்துவந்த பணிகளையும் நாம் மறந்துவிடுகிறோம். அப்பணிகளை இப்போது எது செய்கிறது, எவ்வாறு செய்கிறது என்பதை அறிந்தால்தான் எந்த இடத்தில் எதனை நம்பலாம் என்று முடிவுசெய்ய இயலும். அதற்கு இக்கட்டுரை வழிகாட்டுகிறது.

இரண்டு வகுப்புகள்

திறன்மிகு வகுப்பறை ஒன்றை எண்ணிப் பாருங்கள். படவீழ்த்தி கூரையில் தொங்குகிறது. அதிலிருந்து சுவரோரமாக இறங்கிவரும் வடத்தின் முனையில் பதினைந்து ஊசிகள் உள்ளன. ஆசிரியர் கொண்டுவந்த புதிய மடிக்கணினியிலோ அம்முனையைப் பொருத்துவதற்கான துளையே இல்லை. இடைமாற்றியைத் தேடி மாணவர் ஒருவர் அலுவலகத்துக்கு ஓடுகிறார். அதைக் கொண்டுவந்து பொருத்தினால் திரை முழுவதும் மஞ்சளாகத் தெரிகிறது. நீல நிறத்தைச் சுமந்துவரும் ஊசி வளைந்துபோயிருக்கிறது. பாடவேளையில் பத்து நிமிடங்கள் இவ்வாறே கழிந்துவிடுகின்றன.

மற்றொரு நாள், அதே வகுப்பறையில் வடம் இல்லை. மடிக்கணினியில் திரையின் பெயரைத் தேர்ந்தெடுத்ததும் காட்சி விரிகிறது. மாணவர்கள் மகிழ்கிறார்கள். ஆனால், காணொலி சிறிது ஓடி நிற்கிறது; மீண்டும் ஓடுகிறது. பாடத்தின் நடுவே ஆசிரியருக்கு வந்த சொந்தச் செய்தி ஒன்று வகுப்பு முழுவதும் காணும்படி திரையில் தோன்றி மறைகிறது.

முதல் வகுப்பின் இடர்ப்பாடு எதனால் வந்தது என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். இரண்டாம் வகுப்பில் வந்த இடர்ப்பாட்டின் காரணம் கண்ணுக்குப் புலப்படாது. அதைப் புரிந்துகொள்ள, வடம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை முதலில் காண வேண்டும்.

வடங்கள் வந்த வழி

ஐ.பி.எம். நிறுவனம் 1987ஆம் ஆண்டில் தன் கணினி வரிசை ஒன்றுடன் வி.ஜி.ஏ. என்னும் காட்சிமுறையை அறிமுகப்படுத்தியது. அக்காலத்தில் அதன் திரை கிடைமட்டத்தில் 640 படப்புள்ளிகளும் செங்குத்தில் 480 படப்புள்ளிகளும் கொண்டிருந்தது. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களின் அளவையும் ஏறி இறங்கும் மின்னழுத்தமாக அவ்வடம் எடுத்துச் சென்றது. வடத்தின் நீளம் கூடக்கூடக் குறிகை தேய்ந்தது. எழுத்துகளின் ஓரத்தில் நிழல் படிந்தது.

பின்னர் வந்த வடங்கள் காட்சியைச் சுழியமும் ஒன்றுமாகிய எண்களாக அனுப்பின. 1999ஆம் ஆண்டில் டி.வி.ஐ. முறை வந்தது. 2002ஆம் ஆண்டில் உருவான ஹெச்.டி.எம்.ஐ. முறை, காட்சியையும் ஒலியையும் 19 ஊசிகள் கொண்ட ஒரே முனையில் இணைத்தது. 2006ஆம் ஆண்டில் டிஸ்ப்ளேபோர்ட் வெளிவந்தது. 2014ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்ட யு.எஸ்.பி.-சி முனை காட்சி, தரவு, மின்னாற்றல் ஆகிய மூன்றுக்கும் வழியாகும் தகுதி பெற்றது.

ஒவ்வொரு வடமும் முந்தையதைவிடத் திறன் மிக்கது. ஆனால், ஒவ்வொன்றின் முனையும் வெவ்வேறு வடிவம் கொண்டது. கருவிகள் பெருகியபோது முனைகள் பொருந்தாத சிக்கலும் பெருகியது. வடமே வேண்டாம் என்னும் எண்ணம் வலுப்பெற இதுவும் ஒரு காரணமாயிற்று.

வடம் செய்த நான்கு பணிகள்

வடம் நான்கு பணிகளைச் செய்தது. காட்சியைக் குறைக்காமல் முழுமையாக எடுத்துச் சென்றது. வேறெவரும் குறுக்கிடாத தனிவழியைத் தந்தது. காட்சியை உடனுக்குடன் கொண்டுசேர்த்தது. எந்தக் கருவி எந்தத் திரையோடு இணைந்திருக்கிறது என்பதை ஐயமின்றிக் காட்டியது.

வடத்தை எடுத்துவிட்டாலும் இந்நான்கு பணிகளின் தேவை நீங்கிவிடுவதில்லை. ஒவ்வொன்றையும் வேறொன்று ஏற்றுச் செய்யவேண்டியிருக்கிறது. கம்பியில்லாத் திரை இணைப்பின் நுட்பம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

புள்ளிகளும் கோலமும்

இன்று பரவலாக உள்ள திரையொன்றில் கிடைமட்டமாக 1920, செங்குத்தாக 1080 என மொத்தம் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் தேவை. நொடிக்கு 60 முறை காட்சி புதுப்பிக்கப்படுகிறது. இம்மூன்றையும் பெருக்கினால் ஒரு நொடிக்கு 298,59,84,000 பிட்டுகள், அதாவது ஏறத்தாழ 300 கோடி பிட்டுகள் என்னும் விடை கிடைக்கும். 4கே எனப்படும் திரையில் படப்புள்ளிகள் நான்கு மடங்கு என்பதால் பிட்டுகளும் நான்கு மடங்காகும்.

இப்பெரும் வெள்ளத்தைச் செப்புக்கம்பிகள் சில மீட்டர் தொலைவுக்கு எளிதில் கொண்டுசெல்கின்றன. ஆனால், வீட்டிலும் பள்ளியிலும் உள்ள அருகலை இணைப்பில் நாம் நடைமுறையில் பெறும் வேகம் பெரும்பாலும் இதைவிடப் பன்மடங்கு குறைவு. எனவே, காட்சியைச் சுருக்கி அனுப்பவேண்டியுள்ளது.

கோலம் போடுவோர் ஒருவருக்கொருவர் கோலத்தைச் சொல்லும் முறையை நினைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்று அவர்கள் சொல்வதில்லை. ‘பதினைந்து புள்ளி, எட்டு வரை, ஊடுபுள்ளி’ என்கிறார்கள். கேட்பவர் புள்ளிகள் அனைத்தையும் தாமே வைத்துவிடுகிறார். அடுத்த நாள், ‘நேற்றுப் போட்டதுதான், நடுவில் மட்டும் தாமரை’ என்றால் அதுவே போதுமானது.

காட்சிச் சுருக்கமும் இவ்வாறே நிகழ்கிறது. முதலில் ஒரு முழுப்படம் அனுப்பப்படுகிறது. அதன்பின், முந்தைய படத்திலிருந்து எந்தப் பகுதி நகர்ந்தது, எந்தப் பகுதி மாறியது என்னும் குறிப்புகளே அனுப்பப்படுகின்றன. பெறும் கருவி அக்குறிப்புகளைக் கொண்டு படத்தை மீண்டும் வரைகிறது. 2003ஆம் ஆண்டில் வெளியான ஹெச்.264 என்னும் சுருக்கமுறை இத்தகையது. இதனால் 300 கோடி பிட்டுகள் கொண்ட காட்சியை ஒன்றிரண்டு கோடி பிட்டுகளுக்குள் அடக்கிவிடலாம்.

இந்தச் சிக்கனத்துக்கும் விலை உண்டு. நிறத்தின் நுண்ணிய வேறுபாடுகளை மனிதக் கண் குறைவாகவே உணர்கிறது என்பதால், சுருக்கும்போது நிறத் தகவல் பெரிதும் குறைக்கப்படுகிறது. திரைப்படத்தில் இது தெரியாது. ஆனால், சிறிய வண்ண எழுத்துகளின் விளிம்புகள் மங்கும். குறிப்பு ஒன்று வழியில் தவறினால், அதை நம்பி வரையப்படும் அடுத்தடுத்த படங்களும் பிழைபடும். திரையில் அவ்வப்போது தோன்றும் சதுரச் சிதறல்கள் அவ்வாறு வருபவையே.

தனிவழியும் பொதுவழியும்

வடம் என்பது இரண்டு கருவிகளுக்கு மட்டுமே உரிய தனிப்பாதை. அலைவழியோ ஊர்ப்பொதுவழி. அதில் எவரும் நடக்கலாம், எவரும் எதிர்ப்படலாம்.

அருகலை, 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் முதலிய அலைவரிசைகளில் இயங்குகிறது. இவற்றுள் முதலாவது அலைவரிசை, தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. நுண்ணலை அடுப்பு இயங்குவதும் இதில்தான். அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1985ஆம் ஆண்டில் இத்தகைய அலைவரிசைகளை உரிமமின்றித் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்த இசைவளித்தது. அருகலை பிறக்க வழிவகுத்த முடிவுகளுள் இது முதன்மையானது. புளூடூத் கருவிகளும் இதே வரிசையைப் பயன்படுத்துகின்றன.

பலர் கூடும் பொதுவழிக்கு ஒழுங்குமுறை வேண்டும். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆபிரம்சனும் அவர்தம் குழுவினரும் 1971ஆம் ஆண்டில் இயக்கிய அலோகாநெட் என்னும் வலையமைப்பு இதற்கு முன்னோடி. தீவுகளில் சிதறிக் கிடந்த வளாகங்களை அது வானொலி அலைகளால் இணைத்தது. இரு நிலையங்கள் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரு செய்திகளும் சிதைந்துவிடும். அவ்வாறு சிதைந்தால் ஒவ்வொரு நிலையமும் வெவ்வேறு கால அளவு காத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டும் என்பது விதி. இன்றைய அருகலை இதனினும் ஒரு படி மேலே சென்று, பேசுவதற்குமுன் வேறு எவரேனும் பேசுகிறார்களா என்று கேட்டுப் பார்க்கிறது. அமைதி நிலவினால்தான் பேசுகிறது.

ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்கும் அவைப் பண்பு இது. ஆயினும், அவையில் ஆள் கூடக்கூட ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் நேரம் குறையும். இரண்டாம் வகுப்பில் காணொலி நின்று நின்று ஓடியதற்கு இது காரணமாகலாம். பக்கத்து அறைகளிலும் கருவிகள் பல இயங்கின, அலைவழி ஒன்றே. கருவியில் பழுதில்லை, வழியில் நெரிசல்.

காத்திருப்பின் அளவு

நொடிக்கு 60 முறை மாறும் காட்சியில் ஒரு படத்துக்கு உரிய நேரம் ஏறத்தாழ 17 மில்லிநொடி. வடத்தில் காட்சி புறப்பட்டதும் திரையை அடைகிறது. கம்பியில்லா முறையில் அது பிடிக்கப்பட்டு, சுருக்கப்பட்டு, துண்டுகளாக்கப்பட்டு, முறைக்குக் காத்திருந்து, மறுமுனையில் விரிக்கப்பட்டபின்னரே திரைக்கு வருகிறது. ஒவ்வொரு படியும் சிறிது நேரத்தைக் கொள்கிறது. மொத்தத் தாமதம் பத்தில் ஒரு பங்கு நொடியாகவும், சில கருவிகளில் அதற்கு மேலாகவும் அமையலாம்.

திரைப்படம் பார்ப்பவருக்கு இத்தாமதம் பொருட்டன்று. படமும் ஒலியும் சேர்ந்தே தாமதித்தால் அவர் அதை அறியவேமாட்டார். திரையைப் பார்த்துக்கொண்டே கையை இயக்குபவரின் நிலை வேறு. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து, பத்தில் ஒரு பங்கு நொடியில் ஏறத்தாழ 4 மீட்டர் கடந்துவிடும். கணினி விளையாட்டில் மட்டை வீசுபவர் காண்பது, பந்து முன்பு இருந்த இடத்தை. இது விளையாட்டோடு முடிந்துவிடும். சிறு துளையின் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவையில் மருத்துவர் தம் கருவியின் நுனியை நேரில் பார்ப்பதில்லை. திரையில் பார்த்தே நகர்த்துகிறார். அங்குத் திரை பின்தங்குவது உயிரோடு தொடர்புடைய செய்தி. அத்தகைய இடங்களில் நம்பத்தக்க வடத்தை எளிதில் கைவிட இயலாது.

எவருடன் இணைகிறோம்?

வடத்தின் இரு முனைகளையும் கண் தொடர்ந்து செல்லும். இக்கணினி அத்திரையோடுதான் இணைந்திருக்கிறது என்பதில் ஐயமே இல்லை. கம்பியில்லா முறையில் நம்முன் தோன்றுவது திரைகளின் பெயர்ப்பட்டியல் மட்டுமே. தவறான பெயரைத் தொட்டால், நம் காட்சி அடுத்த அறையில் விரியும்.

இதனைத் தவிர்க்கவே பல கருவிகள் எளியதொரு முறையைக் கையாளுகின்றன. இணைய விரும்பும் திரையில் சில எண்கள் தோன்றும். அவற்றை அனுப்பும் கருவியில் உள்ளிட வேண்டும். அத்திரையின் முன் இருப்பவர்தாம் அவ்வெண்களைப் படிக்க முடியும். கண்ணால் வடத்தைத் தொடர்ந்த பணியை இங்கு எண்கள் ஏற்கின்றன. அதன்பின் செல்லும் தரவு மறையாக்கம் செய்யப்படுவதால், இடையில் அலையைப் பிடிப்பவருக்குப் பொருள் விளங்காது.

வடம் இருந்தால் எதுவும் வெளியே கசியாது என்று கருதிவிடவும் கூடாது. நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர் விம் வான் எக், கணினித் திரைகளிலிருந்து கசியும் மின்காந்த அலைகளைத் தொலைவிலிருந்தே பிடித்துக் காட்சியை மீட்கலாம் என்பதை 1985ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதற்குத் தனிக் கருவியும் திறமையும் வேண்டும். கம்பியில்லா இணைப்பில் கவனக்குறைவு ஒன்றே போதும் என்பதுதான் வேறுபாடு.

எதிரொளித்தலும் ஏவுதலும்

கம்பியில்லாத் திரை இணைப்பு என்று நாம் சொல்வது உண்மையில் இருவகை. ஒன்று, நம் கருவியின் திரையில் உள்ளதை அப்படியே பெரிய திரையில் காட்டுவது. அருகலைக் கூட்டமைப்பு 2012ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்திய மிராகாஸ்ட் இவ்வகை. இதில் இரு கருவிகளும் இடையில் திசைவியின்றி நேரடியாகவே இணையலாம். இணையத் தொடர்பும் வேண்டியதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் ஏர்பிளே என்னும் பெயரில் தன் கருவிகளுக்கான முறையை வெளியிட்டது.

மற்றொன்று, திரைக்கு ஆணை மட்டும் இடுவது. கூகுள் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட குரோம்காஸ்ட் இவ்வகைக்குச் சான்று. ‘இந்தக் காணொலியைக் காட்டு’ என்று திறன்பேசி சொல்கிறது. காணொலியை இணையத்திலிருந்து நேரடியாகப் பெறுவது திரையோடு இணைந்த கருவியே. திறன்பேசி இங்குத் தொலைவியக்கியாக நிற்கிறது.

முதல்வகை கண்ணாடி போன்றது. முன்னால் உள்ள அனைத்தையும் காட்டிவிடும். ஆசிரியருக்கு வந்த சொந்தச் செய்தி வகுப்புக்குத் தெரிந்தது இதனால்தான். இரண்டாம் வகையில் ஏவப்பட்ட காணொலி மட்டுமே திரைக்கு வரும். செய்தி திறன்பேசியிலேயே தங்கிவிடும். ஆனால், இணையம் இல்லாத இடத்தில் இவ்வகை பொதுவாகப் பயன்படாது. இவ்வேறுபாட்டை அறிந்தவர், முதல்வகையைப் பயன்படுத்துமுன் அறிவிப்புகளை நிறுத்திவைப்பார்.

தெரிந்து தெளிவோம்

காட்சியைப் பெரிதும் சுருக்காமல் அனுப்ப, அகன்ற அலைவரிசை வேண்டும். 60 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் அத்தகைய அகலம் உண்டு. 2008ஆம் ஆண்டில் வெளியான வயர்லெஸ் ஹெச்.டி. முறை இப்பகுதியைப் பயன்படுத்தியது. இவ்வலையின் நீளம் 5 மில்லிமீட்டர். சுவர் மட்டுமன்றி, குறுக்கே வரும் மனித உடலும் இதனைத் தடுத்துவிடும். அதனாலேயே இது அடுத்த அறைக்கு எளிதில் கசிவதில்லை. இத்தகைய மில்லிமீட்டர் அலைகளைக் கொல்கத்தாவில் 1890களிலேயே உருவாக்கி ஆராய்ந்தவர் அறிவியலறிஞர் ஜகதீச சந்திர போஸ். 1895ஆம் ஆண்டில் அவர் கம்பியின்றித் தொலைவிலிருந்தே மணியை ஒலிக்கச்செய்து காட்டினார்.

எங்கே எது?

வடத்தையும் அலையையும் பகைவராகக் கருத வேண்டியதில்லை. பலர் மாறிமாறித் தம் படைப்பைக் காட்டும் வகுப்பறைக்கும் கூட்ட அரங்குக்கும் கம்பியில்லா இணைப்பு மிகப் பொருத்தமானது. ஆசிரியர் மேசையருகே கட்டுண்டு நிற்க வேண்டியதில்லை. கடைசி வரிசை மாணவரும் தம் இருக்கையிலிருந்தே தம் விடையைத் திரைக்கு அனுப்பலாம். முனைகள் தேய்வதும் ஊசிகள் வளைவதும் நடைபாதையில் கால் இடறுவதும் இல்லை.

நாள் முழுவதும் ஒரே இடத்தில் இயங்கும் திரைக்கும், நொடிப்பொழுதும் பின்தங்கலாகாத பணிக்கும், நுண்ணிய எழுத்தும் நிறமும் பிசகலாகாத வரைகலைக்கும் வடம் இன்றும் சிறந்த துணை. கம்பியில்லாத் திரை என்று பெயர் பெற்ற கருவிக்கும் மின்னாற்றலைக் கொண்டுவருவது ஒரு வடம்தான் என்பதையும் மறந்துவிடலாகாது.

ஒரு கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு. காட்சி எவ்வளவு முழுமையாக வேண்டும்? வழியை எத்தனைபேர் பகிர்கிறார்கள்? எவ்வளவு காத்திருப்பைத் தாங்க இயலும்? நாம் காட்டுவதை எவரெல்லாம் காணலாம்? வடம் இருந்தபோது இவ்வினாக்களை நாம் கேட்கவில்லை. அது சொல்லாமலே விடையளித்துக்கொண்டிருந்தது. இனி அவற்றைக் கேட்கும் பொறுப்பு நம்முடையது. அவ்வாறு கேட்டுத் தெளிந்தவர், தம் வகுப்பில் திரை தடுமாறும்போது கருவியைக் குறைகூறி நின்றுவிடமாட்டார்; காரணத்தைக் கண்டு களைவார்.

கலைச்சொல் அறிவோம்

வைஃபை – அருகலை
பிக்சல் – படப்புள்ளி
புரொஜெக்டர் – படவீழ்த்தி
ரௌட்டர் – திசைவி
என்கிரிப்ஷன் – மறையாக்கம்
ரிமோட் கண்ட்ரோல் – தொலைவியக்கி

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியிலோ வீட்டிலோ உள்ள திரைக்கருவிகளில் எவ்வகை முனைகள் உள்ளன என்று கண்டறிந்து அட்டவணைப்படுத்துக.

2. 1280 × 720 படப்புள்ளிகள் கொண்ட திரைக்கு, நொடிக்கு 30 முறை காட்சி மாறினால் எத்தனை பிட்டுகள் தேவை எனக் கணக்கிடுக.

3. ‘பொதுவழியும் அவைப் பண்பும்’ என்னும் தலைப்பில் அலைவரிசைப் பகிர்வு குறித்து வகுப்பில் இரண்டு நிமிடம் பேசுக.

மதிப்பீடு

குறுவினா
1. வடம் செய்த நான்கு பணிகள் யாவை?
2. கம்பியில்லாக் காட்சியில் சதுரச் சிதறல்கள் தோன்றுவது ஏன்?

சிறுவினா
1. கோலத்தைச் சொல்லும் முறையோடு காட்சிச் சுருக்கத்தை ஒப்பிடுக.
2. கண்ணாடி போன்ற இணைப்புக்கும் ஏவும் இணைப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

நெடுவினா
‘வடம் விலகினாலும் அதன் பணிகள் விலகுவதில்லை’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் துணைகொண்டு நிறுவுக.